ஆறு வயசுல என்ன மதம்?

1970 ஜூன் மாதம். ஒன்னாம் வகுப்பில் சேர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போன அன்னைக்கு, எங்க அய்யா வழி நெடுக ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தார். "சார் பேர் கேட்டா முருகேசன்னு சொல்லணும். அந்தோணின்னு சொல்லிப்புடாத. வெளங்குதா?" மூணு தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். நானும் முருகேசன், முருகேசன் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். பள்ளிக்கூடத்தில் சார் பேர் கேட்டார். சரியாகச் சொல்லிவிட்டேன். அவர் விடாமல், "எந்தச் சாமி கும்புடுவ?" என்று கேட்டார். அதற்கு அய்யா பாடம் சொல்லித்தரவில்லை. "அந்தோணியார்" என்றேன்.

சார் சிரித்துவிட்டார். அய்யா கையைக் கட்டிக்கொண்டு, "பிள்ளைக்கு வெவரம் தெரியாது சார்" என்றார். சார் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. இந்து, ஆதிதிராவிடர் என்று எழுதிக்கொண்டார். நல்ல மனுசன். திரும்பி வரும்போது அய்யா அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஊர் எல்லை வரைக்கும் பேசாமலே வந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐம்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. போன வருசம் நண்பர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பகுத்தறிவுத் தோழர் ஒருவர் பேசும்போது இந்தப் பழைய கதை எனக்குள் கிளம்பியது. பேச்சின் சாரம் இதுதான்: சின்னப் பிள்ளைகளுக்கு மதம் என்று ஒன்று கிடையாது, கிறிஸ்தவக் குழந்தை என்று யாரும் இல்லை, கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தைதான் உண்டு. விவரம் தெரியாத வயதில் நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006-இல் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்துச் சொன்னார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் தட்டின கை பாதியில் நின்றுவிட்டது. அங்கே பேச எழுந்து உளறிக்கொட்டி உட்கார்ந்ததைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

டாக்கின்ஸ் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் நடித்த மூன்று பிள்ளைகளின் படத்தைப் போட்டு, ஒன்று சீக்கியப் பிள்ளை, ஒன்று முஸ்லிம் பிள்ளை, ஒன்று கிறிஸ்தவப் பிள்ளை என்று அழகு பார்த்தது. மூன்றுக்கும் நாலு நாலு வயது. இதே பிள்ளைகளை, இது கெய்ன்ஸ் கட்சி, இது மார்க்சியம் என்று பொருளாதாரக் கொள்கையின் பேரால் அடையாளம் சொன்னால் சிரிக்க மாட்டீர்களா என்று கேட்கிறார். சிரிப்போம்தான். 2009-இல் இதே கருத்தை வைத்து பிரிட்டிஷ் மனிதநேயச் சங்கத்தார் பெரிய பெரிய விளம்பரத் தட்டிகள் வைத்தார்கள். எங்கள் மேல் அடையாளம் ஒட்டாதீர்கள், வளர்ந்த பிறகு நாங்களே தேர்ந்துகொள்கிறோம் என்று பிள்ளைகள் சொல்வதுபோல. தட்டியில் இரண்டு பிள்ளைகள் சந்தோசமாகச் சிரித்துக்கொண்டிருந்தன. பிறகு பார்த்தால் அந்தப் படத்திலிருந்த பிள்ளைகள் தீவிரமான கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று தெரிந்தது. விற்பனைக்குக் கிடைத்த படத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அடையாளம் ஒட்டாதே என்று சொல்வதற்கும் ஒரு பிள்ளையின் மூஞ்சி தேவைப்படுகிறது. அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை.

என்னுடைய சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. டாக்கின்சுக்கு மதம் என்பது ஒரு கருத்து. மண்டைக்குள் இருக்கிற விசயம். பொருளாதாரக் கொள்கையோடு ஒப்பிட்டுப் பேச முடிவது அதனால்தான். மண்டை முத்தாத வயதில் கருத்து எப்படி இருக்கும் என்ற கேள்வியும் அதிலிருந்துதான் வருகிறது. கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்போர்டிலும் மதம் அப்படி இருக்கலாம். எங்க தெருவில் அது கருத்தாக இருந்ததே இல்லை. எங்கே நிற்பது, எங்கே உட்காருவது, எந்தக் குழாயில் பிடிப்பது, எந்தப் பேரைச் சொல்வது என்பதாகத்தான் இருந்தது. இதையெல்லாம் ஆறு வயசுப் பிள்ளை கற்றுக்கொண்டாக வேண்டும். கற்றுக்கொள்ளாவிட்டால் அய்யா ஊர் எல்லை வரைக்கும் பேச மாட்டார்.

மதங்களே இந்த வயது விசயத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. கத்தோலிக்கச் சபைக்கு ஏழு வயது. ஏழு முடிந்தால் பிள்ளைக்கு அறிவு பிறந்துவிட்டதாகச் சபைச் சட்டம் வைத்துக்கொள்கிறது. 1910-இல் பத்தாம் பத்திநாதர் என்ற போப் புதுநன்மை கொடுப்பதை இந்த வயதுக்கு இறக்கிக் கொண்டுவந்தார். அதுவரை பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு, அதற்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ஞானஸ்நானத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது, பிறந்த சில வாரத்திலேயே தலையில் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். அதை எதிர்த்துத்தான் 1525-இல் சூரிச் நகரத்தில் சிலர் பெரியவர்களானபின் மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு அடியும் உதையும் பட்டார்கள். நம்ம ஊர் பெந்தெகொஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம் என்று சொல்வதெல்லாம் அந்த வாதத்தின் பக்கத்தில் நிற்பதுதான்.

மனு வேறு கணக்குப் போடுகிறார். பூணூல் போட பிராமணப் பையனுக்கு எட்டு வயது, சத்திரியனுக்குப் பதினொன்று, வைசியனுக்குப் பன்னிரண்டு. கருவில் இருந்த காலத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். சூத்திரனுக்கு வயதே இல்லை. பெண்ணுக்குக் கல்யாணமே பூணூலுக்குச் சமானம். நாலு வர்ணத்துக்கும் வெளியே இருக்கிற நம்ம பிள்ளைக்கு எட்டும் கிடையாது, எண்பதும் கிடையாது. நம்புகிற வயது வரவே வராது. ஆனாலும் ஜனத்தொகைக் கணக்கில் அது பிறந்த அன்றைக்கே இந்து. இதைப் பகுத்தறிவுத் தோழர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிள்ளைக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அந்த மதம் கவலைப்பட்டதே இல்லை. அது கேட்டதெல்லாம் தள்ளி நிற்பதைத்தான்.

காஞ்சா அய்லய்யா 1996-இல் எழுதிய 'நான் ஏன் இந்து அல்ல' புத்தகத்தில் தன் சிறு வயதைச் சொல்கிறார். ஆடு மேய்க்கிற குருமா சாதியில், தெலங்கானா கிராமத்தில் வளர்ந்தவர். இந்து என்ற சொல்லையே சின்ன வயதில் கேட்டதில்லை என்கிறார். முஸ்லிம், கிறிஸ்தவன், பார்ப்பான், கோமுட்டி எல்லாம் தெரியும். அவர்களெல்லாம் நம்மிடமிருந்து வேறு ஆட்கள் என்று தெரியும். போச்சம்மா தெரியும். பள்ளிக்கூடத்தில் போய்த்தான் மற்ற சாமிகள் வந்தன. இது முக்கியமான சாட்சியம். ஆனால் எனக்கு ஒரு குறையும் உண்டு. அவருடைய போச்சம்மா எல்லோரோடும் பேசுகிற, எல்லோரும் நெருங்குகிற அம்மாவாக வருகிறாள். சேரிப் பிள்ளைக்கு அப்படி ஒரு அம்மா எல்லா ஊரிலும் வாய்க்கவில்லை. தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள்ளே தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தது 2023 ஜனவரியில். மாரியம்மன் நம்ம சாமி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். வாசலை அடைத்து வைத்திருந்தவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஊரில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தச் சாமி மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மேளச் சத்தமாகத்தான் இருந்திருக்கும்.

எங்க ஊர்க் கதைக்கு வருகிறேன். என்னை வளர்த்தது பாட்டி. படிக்காதவள். மந்திரம் எல்லாம் தலைகீழாகச் சொல்வாள். சாயங்காலம் கஞ்சி குடிக்கும் முன்னால் மண்டி போட வைத்து எல்லா மந்திரத்தையும் சொல்ல வைப்பாள். தூக்கம் சொக்கும். தொடையில் கிள்ளுவாள். புதுநன்மைக்கு உபதேசம் சொல்லித்தந்த சிஸ்டர், நன்மையைப் பல்லில் படாமல் விழுங்க வேண்டும், பல் பட்டால் ரத்தம் வரும் என்று சொன்னார். சேசுவின் உடம்பு அல்லவா. எனக்கு எட்டு வயது. மூன்று நாள் தூங்கவில்லை.

புதுநன்மை அன்றைக்கு வாங்கிக்கொண்டு வந்து, கோயிலுக்குப் பின்னால் போய், வாயில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தேன். பாதி கரைந்து ஈரமாக வெள்ளையாக இருந்தது. ரத்தம் இல்லை. பல்லால் கடித்தும் பார்த்தேன். இல்லை.

இந்தக் கதையைப் பகுத்தறிவு நண்பர்களிடம் சொன்னால் குசியாகிவிடுவார்கள். அன்றைக்கே நாத்திகனாகிவிட்டாய் என்பார்கள். உண்மை அப்படி இல்லை. ரத்தம் வராததற்கு நான் கண்டுபிடித்த காரணம், நான் பாவி என்பது. காலையில் பச்சைத் தண்ணீர் குடித்திருந்தேன். நோன்பு முறிந்த வாயில் சேசு இறங்கவில்லை என்று முடிவு கட்டினேன். பரீட்சை வைத்தேன், சாமி தோற்றது, பழி என் மேல் விழுந்தது. நம்பாதவன் வாயில் விரலை விட மாட்டான். முழுசாக நம்புகிறவனும் விட மாட்டான். அந்த எட்டு வயதுப் பயலுக்குள் எது இருந்தது, நம்பிக்கையா அவநம்பிக்கையா? இரண்டும் இருந்தது என்றுதான் சொல்வேன். பெரியவர்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? எத்தனை பேர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இருக்கிறோம்?

பால் ஹாரிஸ் என்ற உளவியல் அறிஞர் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார். பிள்ளைகள் கிருமியை நம்புவதும் கடவுளை நம்புவதும் ஒரே வழியில்தான் என்கிறார். இரண்டையும் அவை கண்ணால் பார்த்ததில்லை. நம்பகமான பெரியவர்கள் பேசுகிற பேச்சை வைத்து ஏற்றுக்கொள்கின்றன. அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்து 2015-இல் அச்சான ஓர் ஆய்வில், ஐந்து ஆறு வயது அமெரிக்கப் பிள்ளைகளிடம் கதைகள் சொல்லி, இந்த ஆள் நிஜமா கற்பனையா என்று கேட்டிருக்கிறார்கள். கோயிலுக்கோ மதப் பள்ளிக்கோ போகிற பிள்ளைகள் வேதக் கதை மாதிரியான கதைகளில் வந்த ஆளை நிஜம் என்றன. அந்தப் பழக்கம் இல்லாத பிள்ளைகள் கற்பனை என்றன. இரண்டு கூட்டமும் வீட்டில் கேட்டதைத்தான் நம்பியிருக்கிறது. எங்க பாட்டியை வைத்துப் பார்த்தால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. நான் நம்பினது பாட்டியை. அவள் கிள்ளினதையும், கிள்ளின இடத்தில் எச்சில் தொட்டுத் தடவினதையும். அந்தோணியார் அவள் கூட வந்தவர்.

இதே நியாயத்தை நம்ம பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். தோழர் ஒருவரின் மகள் ஆறு வயதில் மேடையேறி கடவுள் மறுப்பு வாசகத்தைப் பிசிறில்லாமல் சொல்லுவாள். நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். ஒரு நாள் அவர்கள் வீட்டில் தங்கினேன். கரண்டு போனது. அந்தப் பிள்ளை அலறிக்கொண்டு ஓடி வந்து, "அப்பத்தா, துன்னூறு பூசு, துன்னூறு பூசு" என்று ஆத்தாமார் மடியில் ஏறிக்கொண்டது. தோழர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சிரிப்பாக வந்தாலும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. மேடையில் அப்பாவை நம்பியது, இருட்டில் அப்பத்தாவை நம்பியது. நான் மந்திரம் படித்த மாதிரிதான் அது மறுப்பு வாசகம் படித்திருக்கிறது. பிள்ளைக்கு மதம் கிடையாது என்று சொல்கிறவர்கள் அதே மூச்சில் பிள்ளைக்கு நாத்திகம் உண்டு என்று கொண்டாடக் கூடாது.

அப்படியென்றால் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

எங்க ஊரில் அந்தோணியார் திருநாளுக்குச் சப்பரம் வரும். மேலத்தெரு, நடுத்தெரு, கோயில் தெரு சுற்றி நிலைக்கு வந்துவிடும். எங்க தெருவுக்கு வராது. நாங்கள் தெரு முக்கில் நின்று மெழுகுவர்த்தி ஏத்திக் கும்பிட்டுக்கொள்வோம். எனக்கு ஒன்பது வயதிருக்கும். பாட்டியிடம் கேட்டேன்: "பாட்டி, அந்தோணியாருக்கு நம்ம தெரு தெரியாதா?"

பாட்டி சட்டென்று வாயைப் பொத்தினாள். "சும்மா கெட லே. சாமியார் காதுல விழப்போவுது" என்றாள். அந்தோணியார் காதில் விழுவதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அன்றைக்கு ராத்திரி மந்திரம் சொல்லும்போது அவள் கிள்ளவில்லை. நான் சொல்லாமல் இருந்ததைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டாள்.

ரத்தம் வராதது என்னை ஒன்றும் செய்யவில்லை. சப்பரம் வராதது செய்தது. சேசுவின் உடம்பு கோதுமை அப்பத்தில் இருக்கிறதா என்ற கேள்வி எனக்கு யாரோ கொடுத்தது. சப்பரக் கேள்வி என்னுடையது. அதை யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லித்தரவும் மாட்டார்கள். கடவுள் உண்டா இல்லையா என்று அதில் இல்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி பெரிசு. ஆனால் இந்தக் கதையில் நாங்க எங்க இருக்கோம் என்று கேட்க ஏழு எட்டு வயது போதும். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டு நின்று, 2008 மார்ச்சில் அது கலவரமாகித் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. அந்தத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மூவொரு கடவுள் தத்துவம் விளங்கியிருக்காது. ஊர்வலம் எந்தத் தெருவோடு திரும்பும் என்பது தெளிவாக விளங்கியிருக்கும்.

இதற்கு நமக்கு இருக்கிற பெரிய சாட்சி அம்பேத்கர். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்காக 1956-இல் அவர் ஒரு முன்னுரை எழுதினார். அவர் இறந்தபின் 1957-இல் வந்த முதல் பதிப்பில் அது சேரவில்லை, பின்னால்தான் வெளிவந்தது. அதில் தன் சிறு வயதைப் பேசுகிறார். அப்பா கபீர் பந்த் வழியில் நின்றவர். பக்தி மிகுந்த வீடு. பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்து மகாபாரதம், ராமாயணம் படிக்கச் சொல்லுவார். பீமராவ் அப்பாவிடம் கேட்கிறார்: பிராமணன் உயர்வும் சத்திரியன் உயர்வும், சூத்திரனும் தீண்டப்படாதவனும் தாழ்ந்தவர்கள் என்பதும்தானே இதில் திரும்பத் திரும்ப வருகிறது, இதை ஏன் நாங்கள் படிக்க வேண்டும்? அப்பாவுக்குக் கேள்வி பிடிக்கவில்லை. சின்னப் பயல்கள், சொன்னதைச் செய்யுங்கள் என்கிற மாதிரிப் பதில்தான் முதலில் வந்தது. விவரம் தெரியாத பிள்ளை என்று எங்க அய்யா சொன்னாரே, அதே வார்த்தைதான் வேறு பாசையில்.

பின்னால் அப்பா காரணமும் சொல்லியிருக்கிறார். தீண்டப்படாதவராகப் பிறந்ததால் பிள்ளைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை வரலாம், துரோணரும் கர்ணனும் சின்ன நிலையிலிருந்து எவ்வளவு உயரம் போனார்கள் பாருங்கள், ராமாயணம் எழுதின வால்மீகியைப் பாருங்கள் என்று. ஒரு தலித் தகப்பனின் தவிப்பு இதில் இருக்கிறது. கையில் கிடைத்த புத்தகத்தை வைத்தே பிள்ளையை நிமிர்த்தப் பார்க்கிறார். நம் அய்யாமார் எல்லாரும் செய்ததுதான் இது. ஆனால் மகனுக்கு அது செல்லுபடியாகவில்லை. அந்தக் கதை மாந்தர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்து, இவர்கள் யாரும் எனக்குப் பிடித்தவர்கள் இல்லை என்கிறார். பள்ளிப் பரீட்சை தேறினபோது கேலுஸ்கர் கையிலிருந்து வந்துசேர்ந்த புத்தரின் வாழ்க்கை வரலாறு அதற்கு முன்பே அவரிடம் இருந்தது. புத்தர் வருவதற்கு இடம் காலியாக வேண்டியிருந்தது. அந்த இடத்தைக் காலி பண்ணியது ஒரு பையன் கேட்ட கேள்வி.

இதைப் பிள்ளையின் அவநம்பிக்கை என்று சொன்னால் யார் மறுக்க முடியும்? சொல்லிக்கொடுத்த மறுப்பு இல்லை இது. அப்பா சொல்லிக்கொடுத்ததற்கு எதிராக வந்தது.

நம்ம பக்கத்துச் சங்கடம் ஒன்றையும் சொல்லாமல் போனால் யோக்கியமாக இருக்காது. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் லட்சக்கணக்கான ஜனங்கள் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவி 22 உறுதிமொழிகள் எடுத்தார்கள். பிரம்மாவையும் விஷ்ணுவையும் நம்ப மாட்டேன் என்பதும் அதில் உண்டு. அந்தக் கூட்டத்தில் இடுப்பிலும் தோளிலும் எத்தனை பிள்ளைகள் இருந்திருக்கும்! அவை அந்த உறுதிமொழியை எடுத்தனவா? தலையில் ஊற்றின தண்ணீருக்கு நான் கேட்கிற கேள்வியை இதற்கும் கேட்க வேண்டுமல்லவா? 1981-இல் மீனாட்சிபுரத்தில் பல குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனபோது பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் பேர் மாறியது. பணம் வாங்கினாயா என்று கேட்க டெல்லியிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. பெரியவர்களிடம்தான் கேட்டார்கள்.

என்னுடைய பதில் இது. தீப்பிடித்த குடிசையை விட்டு ஓடுகிறவள் பிள்ளையிடம் சம்மதம் கேட்க மாட்டாள், அள்ளிக்கொண்டுதான் ஓடுவாள். நாகபுரியில் நடந்தது அது. புது வீட்டுக்குப் போனபின், இது என் வீடா என்று கேட்கிற உரிமை பிள்ளைக்கு உண்டு. அந்தக் கேள்வி வரும்போது பௌத்தனாக இருந்தாலும் வாயைப் பொத்தக் கூடாது. நம் இயக்கங்களில் இன்று எத்தனை வீட்டில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இது தோழர்களுக்குக் கோபம் வரக்கூடிய வாக்கியம். வரட்டும்.

இனி சட்டத்துக்கு வருவோம். வயிற்றில் அடிக்கிற இடம் அதுதான்.

கேரளாவில் 1985-இல் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றினார்கள். பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாட மட்டும் மாட்டோம் என்றார்கள், எங்கள் விசுவாசம் அனுமதிக்கவில்லை என்றார்கள். 1986 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், பிள்ளைகள் பக்கம் நின்றது. அந்த நம்பிக்கை நமக்கு அறிவுக்குப் பொருந்துகிறதா என்பது கேள்வி இல்லை, உண்மையாக, மனச்சாட்சியோடு வைத்திருக்கிறார்களா என்பதே கேள்வி என்றது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் மனச்சாட்சியையும் மனச்சாட்சி என்று ஒரு நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. எனக்குப் பிடித்த தீர்ப்பு. 1989-இல் ஐநா போட்ட குழந்தை உரிமை உடன்படிக்கையும் பிள்ளைகளுக்குச் சிந்தனை, மனச்சாட்சி, மத உரிமை உண்டு என்கிறது. 1992-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

இதை அப்படியே வைத்துவிட்டு 1950-ஆம் வருச குடியரசுத் தலைவர் ஆணையைப் பாருங்கள். பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும். 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் நாங்கள் கிறிஸ்தவன் என்று எழுதினால் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காமல் கொடுங்கள் என்று சொல்லிப் பார்த்தது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். நாலு தெரு தள்ளிச் சப்பரம் நின்றுபோகிற கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது. அதனால்தான் எனக்கு இரண்டு பேர்.

2024 நவம்பரில் உச்சநீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. புதுச்சேரிப் பெண் ஒருவர், அப்பா இந்து, நானும் இந்து, எனக்குப் பட்டியல் சாதிச் சான்று வேண்டும் என்று கேட்டிருந்தார். கைக்குழந்தையாக இருந்தபோது கோயிலில் ஞானஸ்நானம் எடுத்தது பதிவேட்டில் இருந்தது. தொடர்ந்து கோயிலுக்குப் போகிறார் என்று விசாரித்துச் சொன்னார்கள். உள்ளபடியே நம்பாமல் சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்கிற மோசடி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரியவரானபின் அவர் செய்ததையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. எனக்கு உறுத்துவது அந்தப் பதிவேடு. மூன்று மாதம்கூட ஆகாத குழந்தை எதை நம்பியது? முப்பது வருசம் கழித்து அது சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது.

இதற்கு மாறான வழக்கு 1976-இல் ஒன்று உண்டு. குண்டூர் மருத்துவக் கல்லூரி வழக்கு. மதம் மாறின பெற்றோருக்குப் பிறந்தவர், இந்துவாகத் திரும்பி, மருத்துவ இடம் கேட்டார். திரும்பி வரலாம், ஆனால் அந்தச் சாதிக்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். மதத்தைப் பிள்ளை தேர்ந்தெடுக்கலாமாம். சாதி அவனைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

டாக்கின்ஸ் வாதத்தை நம் நீதிமன்றத்தில் கொண்டுபோய் வையுங்கள் பார்ப்போம். பச்சைக் குழந்தைக்கு மதம் இல்லை என்று வாதாடுங்கள். மதமே இல்லாதவனுக்கு எப்படிப் பட்டியல் சாதி என்று கேட்பார்கள். 1973-லேயே தமிழ்நாட்டு அரசு, பள்ளிச் சான்றில் சாதி மதக் கட்டங்களை வேண்டாதவர்கள் காலியாக விடலாம் என்று ஆணை போட்டது. 2019-இல் திருப்பத்தூரில் ஒரு வழக்கறிஞர் பெண்மணி போராடி, சாதி மதம் அற்றவர் என்று சான்றே வாங்கினார். அவர் உழைப்புக்கு வணக்கம். என் மகனுக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அம்மா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. எந்த மதமும் சொல்லிக்கொடுக்காமல் வளர்த்தேன். கட்டத்தைக் காலியாக விடவும் தைரியம் வரவில்லை. ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்றால் அதற்கு முன்னால் இந்து என்று எழுதியாக வேண்டும். எழுதினேன். மதமே இல்லாமல் வளர்ந்த பையன் தாளில் இந்து, மதத்திலேயே ஊறி வளர்ந்த நானும் தாளில் இந்து. 2011 கணக்கெடுப்பில் மதம் சொல்லாதவர்கள் சுமார் 29 லட்சம் பேர். அதில் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

கூட்டத்தில் அந்தத் தோழர் கடைசியில் என்னிடம் கேட்டார். "அப்ப நீங்க என்னதான் சொல்றீங்க, பிள்ளைக்கு மதம் உண்டா இல்லையா?" உண்டு இல்லை என்று எனக்குச் சொல்ல வரவில்லை. ஆறு வயதில் எனக்கு இரண்டு பேர் இருந்தது, ஒரு பாட்டி இருந்தாள், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் இருந்தது. ஒன்பது வயதில் ஒரு கேள்வி இருந்தது என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை.

போன ஜூனில் தம்பி பேத்தியை எல்.கே.ஜி. சேர்க்க நான்தான் கூடப் போனேன். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், வயதுக்கு மீறின சூட்டிகை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "ம... த... ம்... மதம். தாத்தா, மதம்னா என்ன?" என்றது.

நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்தேன். அலுவலகத்து அம்மா, "சார், சீக்கிரம் எழுதிக் குடுங்க, பின்னால ஆள் நிக்குது" என்றார்கள்.